டவரில் வீடு வாங்கும் முன் மாடி பிளானைப் படிப்பது எப்படி?

சென்னையில் உயரமான குடியிருப்புகளுக்கு பிளான் வரைவது என் வேலை. அதனால் ஓஎம்ஆரிலோ போரூரிலோ சொந்தக்காரர் யாராவது வீடு பார்த்தால் ப்ரோஷர் என் போனுக்கு வந்துவிடும். "அக்கா, இந்த பிளான் எப்படி?" எல்லோரும் அனுப்புவது ஒரே பக்கம்தான்: சோபாவும் கட்டிலும் போட்டு வண்ணமடித்த வீட்டுப் படம். அதை வைத்து அதிகம் சொல்ல முடியாது. அந்த மாடி முழுவதற்குமான பிளானை அனுப்பச் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. டவரில் உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் காற்று வரும், எந்தச் சுவர் சுடும், தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவீர்கள் என்பதையெல்லாம் முடிவு செய்வது நடுவில் இருக்கும் கோர்தான். லிஃப்ட், படிக்கட்டு, குழாய் போகும் டக்ட் எல்லாம் சேர்ந்த பகுதி அது. நாங்கள் முதலில் வரைவதும் அதைத்தான். அதைச் சுற்றித்தான் வீடுகளை அடுக்குவோம். நீங்களும் அதே வரிசையில் படியுங்கள். பில்டர் பிளான் தரத் தயங்கினால், தமிழ்நாடு ரெரா (வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு அனுமதி பெற்ற வரைபடத்தைத் தேடுங்கள்.

முதலில் லிஃப்ட். ஒரு மாடியில் எத்தனை வீடு, மொத்தம் எத்தனை மாடி, அத்தனைக்கும் எத்தனை லிஃப்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று சர்வீஸில் நின்றாலும் காலை எட்டரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் இறங்க முடிய வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு லிஃப்டாவது ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவில் இருப்பது. சாதாரணமாகப் போடும் 13 பேர் லிஃப்ட் அகலமாக இருக்கும், ஆனால் ஆழம் சுமார் 1.1 மீட்டர்தான். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக 1 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்ட லிஃப்ட் வேண்டும். நம் ஊரில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு, யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஃப்ரீசர் பாக்ஸ் மேலே வர வேண்டும். லிஃப்டில் நுழையாத பெட்டியைப் பதினான்காம் மாடிக்குப் படியில் தூக்குவதையும், திருப்பத்துக்குத் திருப்பம் சாய்த்து இறக்குவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு கஷ்டம் வரவே கூடாது. பிளானில் லிஃப்டின் உள்ளளவு எழுதியிருக்கும். படியுங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட் தனி விஷயம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி அது தரைத்தளத்திலிருந்து உச்சி மாடியை ஒரு நிமிடத்தில் எட்ட வேண்டும். எந்த லிஃப்ட் அது என்று கேட்டால் விற்பனைப் பிரிவில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சைட் இன்ஜினியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து படிக்கட்டு. இரண்டு படிக்கட்டும் ஒன்றையொன்று ஒட்டியபடி இருந்தால் புகை இரண்டையும் சேர்த்தே அடைக்கும். விலகியிருப்பதே நல்லது. படிக்கட்டுக்குத் தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு வேண்டும். இதைப் பிளானில் மட்டும் பார்த்தால் போதாது. அதே பில்டர் ஏற்கனவே கட்டிக் கொடுத்த ஒரு டவருக்குப் போய், ஏதாவது நடு மாடியில் இறங்கிப் பாருங்கள். கதவுக்கு அடியில் செங்கல் வைத்துத் திறந்தே விட்டிருக்கிறார்களா? லேண்டிங்கில் சைக்கிளும் பழைய மெத்தையும் கிடக்கின்றனவா? அந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவர்களைப் பற்றி அதிலேயே தெரிந்துவிடும். 60 மீட்டருக்கு மேல் போகும் டவர் என்றால், தீ விபத்தில் ஒதுங்கி நிற்பதற்கான இடத்தையும் 60 மீட்டர் உயரத்திலும், அப்புறம் 30 மீட்டருக்கு ஒன்றாகவும் விட்டிருக்க வேண்டும்.

இப்போது காற்று. சென்னையில் மே மாதப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல், எதிரிலோ பக்கத்திலோ இன்னொரு ஜன்னல் என்று இருந்தால் காற்று உள்ளே வந்து வெளியேறும். மூலை வீடுகளுக்கு இது இயல்பாகவே அமையும். நடு வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே பக்கம்தான், அடுக்களை டக்டைப் பார்த்துத் திறக்கும். என்னைக் கேட்டால் வாசல் கிழக்கு பார்த்த நடு வீட்டைவிட, வாசல் எந்தத் திசையானாலும் மூலை வீட்டையே எடுப்பேன். லிஃப்டும் படிக்கட்டும் நடுவில் இல்லாமல் மேற்குப் பக்கம் வந்தால் நல்லது. வெயிலை அவை வாங்கிக்கொள்ளும்.

ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு இடம்? 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். 30 மீட்டர் வரை சுற்றிலும் 7 மீட்டர் விட வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் 1 மீட்டர் கூட. 60 மீட்டர் டவருக்கு 12 மீட்டர் வரும். பக்கத்து மனை இன்று காலியாக இருந்தாலும் நாளைக்கு அங்கேயும் ஒரு டவர் வரலாம், அப்போது உங்கள் பால்கனிக்கு என்ன தெரியும் என்பதை இந்தக் கணக்கில் யோசியுங்கள்.

யூடிஎஸ்ஸையும், அதாவது மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கையும், இதே தாளில் போட்டுப் பார்க்கலாம். எஃப்எஸ்ஐ என்பது மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. உயர்மாடிக்கு அடிப்படை எஃப்எஸ்ஐ 3.25. கட்டட அளவு 1,200 சதுர அடி என்றால், வகுத்தால் ஏறத்தாழ 370 சதுர அடி நிலம் உங்கள் பங்கு. எஃப்எஸ்ஐ 2 உள்ள தாழ்ந்த கட்டடத்தில் அதே வீட்டுக்கு 600 வரும். பில்டர் அரசுக்குக் கட்டணம் கட்டி 50 சதவீதம் வரை கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கியிருந்தால் உங்கள் பங்கு 250-க்கும் கீழே போய்விடும். டவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்து ஒப்பிடுங்கள், விலையைக் கார்பெட் ஏரியாவால் (வீட்டுக்குள் புழங்கும் பரப்பால்) வகுத்து ஒப்பிடுங்கள்.

கட்டட உறுதியை வாங்குபவர் கம்பி எண்ணிப் பார்க்க முடியாது. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் மறக்காது. அதனால் கேளுங்கள்: மண் பரிசோதனை அறிக்கை எங்கே? ஸ்ட்ரக்சுரல் டிசைனை வெளியிலிருந்து சரிபார்த்தது யார்? ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி ஒரு பெயர் கடிதத்தோடு வர வேண்டும். சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் வருகிறது, காற்றுக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறோம்.

பணம் கொடுப்பதைப் பற்றி ஒன்று. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறது. அனுமதி பெற்ற பொதுப் பிளானை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாங்கியவர்களின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குக் கட்டுமானக் குறை தெரிந்தால் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும்.

கடைசியாக, மைவான் முறையில் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். அலுமினிய அச்சுக்குள் சுவரையும் கூரையையும் சேர்த்து ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் போடுவது அது. இப்போது டவர்களில் நிறையப் பயன்படுகிறது, வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அதில் வீட்டுக்குள் இருக்கும் சுவரும் பாரம் தாங்கும். அடுக்களைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கும் திட்டமெல்லாம் நடக்காது. ஏசி பைப்புக்கும், தண்ணீர் சுத்திகரிப்பானுக்கும், சிம்னிக்கும் துளை எங்கெங்கே என்பதை உங்கள் மாடிக்குக் கான்கிரீட் போடும் முன்பே எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு யாராவது டிரில்லோடு வந்தால், கம்பி எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை அசோசியேஷனிடம் வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் ஓட்டை போடச் சொல்லுங்கள்.