ஆட்டோ லாகின் போடலாம், அட்மின் அக்கவுண்டில் மட்டும் வேண்டாம்

பவர் பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்ட் கேட்காமல் நேராக டெஸ்க்டாப்பில் போய் நிற்கும் கணினிகள் வீடுகளில் ஏராளம். பல வீடுகளில் அதை யாரும் வேண்டுமென்று அமைத்ததில்லை. விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் ஒரே ஒரு லோக்கல் அக்கவுண்டை உருவாக்கி, பாஸ்வேர்ட் இடத்தைக் காலியாக விட்டிருப்பார். அப்படி இருந்தால் விண்டோஸ் தானாகவே உள்ளே விட்டுவிடும். முதலில் உருவாகும் அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் இருக்கும் என்பதால், கேம் விளையாட உட்காரும் பிள்ளைக்கும் கணினியின் முழு அதிகாரமும் கிடைத்துவிடுகிறது.

பாஸ்வேர்ட் இல்லாமல் திறப்பது ஒரு விஷயம், எந்த அதிகாரத்தோடு திறக்கிறது என்பது வேறு விஷயம். வீட்டை விட்டு நகராத டெஸ்க்டாப்பில் இப்படித் தானாகத் திறக்கும் ஆட்டோ லாகினை வைத்துக்கொள்வதில் பெரிய குற்றமில்லை. அது அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட் அக்கவுண்டுக்குள் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்று பார்ப்போம். அட்மின் அக்கவுண்டில் நுழையும்போது விண்டோஸ் இரண்டு டோக்கன்களை, அதாவது அனுமதிச் சீட்டுகளை, தயார் செய்கிறது: முழு அதிகாரம் உள்ளது ஒன்று, அதிகாரம் குறைக்கப்பட்டது ஒன்று. பிரவுசர், வேர்ட் எல்லாம் குறைந்த டோக்கனில்தான் ஓடும். ஏதாவது ஒரு புரோகிராம் முழு அதிகாரம் கேட்டால் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வரும். வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்து சரியாக இருந்தால் பட்டை நீல நிறம், யாரென்று தெரியாவிட்டால் மஞ்சள். அட்மின் அக்கவுண்டில் அந்தப் பெட்டியில் இருப்பது யெஸ், நோ என்ற இரண்டு பட்டன்கள் மட்டுமே. அவசரத்தில் கை யெஸ்ஸை அழுத்திவிடும். ஸ்டாண்டர்ட் அக்கவுண்டிலோ அதே பெட்டி அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும். பாஸ்வேர்ட் தெரியாத பிள்ளையால் மேலே போக முடியாது. தெரிந்தவரும் தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார்.

இந்தப் பெட்டி தொல்லை என்று, அது எப்போது வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்லைடரைக் கீழ்மட்டத்துக்கு இழுத்துவிடுவது மிக மோசமான தவறு. அதன்பிறகு அட்மின் அக்கவுண்டில் எதுவும் கேட்காமலே எல்லாம் அனுமதிக்கப்படும். இயல்பாக இருக்கும் மட்டம்கூட உச்ச மட்டம் கிடையாது. விண்டோஸின் சொந்தக் கருவிகள் சில, அட்மின் அக்கவுண்டில் கேட்காமலே அதிகாரம் பெற அது இடம் தருகிறது. தீய புரோகிராம்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு ஏறிய கதைகள் உண்டு. ஸ்டாண்டர்ட் அக்கவுண்டில் அந்த வழியே கிடையாது.

மாற்றும்போது பலர் புதிதாக ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் திறந்து, பழையதில் இருக்கும் போட்டோ, டெஸ்க்டாப், பிரவுசர் புக்மார்க் எல்லாவற்றையும் அங்கே சுமந்து போகப் பார்த்து, பாதியில் அலுத்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் குடிபெயர வேண்டாம், அதிகாரத்தை மட்டும் இடம் மாற்றினால் போதும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் ஒரு புதிய யூசரைச் சேருங்கள். நல்ல பாஸ்வேர்ட் கொடுங்கள். சேஞ்ச் அக்கவுண்ட் டைப் அழுத்தி அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். பிறகு சைன் அவுட் செய்து, புதிய அக்கவுண்டுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே விட்டது என்று உறுதியான பிறகே, அங்கிருந்தபடி உங்கள் பழைய அக்கவுண்டை ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

புதிய அட்மினுக்குப் பதிலாக, விண்டோஸுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற அக்கவுண்டை ஒரு கமாண்ட் தட்டி எழுப்பிவிடச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். விண்டோஸ் விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்தே அது முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இயல்பு நிலையில் அதற்கு, அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியே வராது. தொட்டதெல்லாம் முழு அதிகாரத்தில் ஓடும்.

இனி ஆட்டோ லாகின். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்ற எட்டு எழுத்தையும் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். யூசர் அக்கவுண்ட்ஸ் பெட்டி திறக்கும். பெயரும் பாஸ்வேர்டும் கட்டாயம் என்று சொல்லும் வரிக்கு முன்னாலுள்ள டிக்கை எடுத்து ஓகே கொடுத்தால், பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். அங்கே கொடுக்க வேண்டியது அட்மினுடையதை அல்ல, உங்கள் ஸ்டாண்டர்ட் அக்கவுண்டின் பெயரையும் பாஸ்வேர்டையும். அந்த வரியே காணவில்லை என்றால், முதலில் சைன் இன் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் ஹலோ (பின் நம்பர், விரல்ரேகை, முகம் கொண்டு நுழையும் வசதி) மட்டுமே அனுமதி என்று இருக்கும் ஸ்விட்சை அணையுங்கள்.

பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும் அந்த இடத்தில், தினமும் தட்டும் பின் நம்பரைப் போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அங்கே அக்கவுண்டின் பாஸ்வேர்ட்தான் செல்லும். தவறாகப் போட்டாலும் அந்தப் பெட்டி சரிபார்க்காமல் வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை கணினியைப் போடும்போதுதான் பாஸ்வேர்ட் தவறு என்று வந்து நிற்கும். பிற்பாடு பாஸ்வேர்டை மாற்றினாலும் இதே கதிதான், மறுபடி இங்கே வந்து புதியதைக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், வின்லாகன் என்ற பகுதியில் டிஃபால்ட் பாஸ்வேர்ட் என்று ஒன்றை எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். அங்கே பாஸ்வேர்ட் மறைப்பில்லாமல் அப்படியே எழுத்தாகக் கிடக்கும். அந்தக் கணினியில் நுழையும் எந்த யூசரும் படித்துவிடலாம். மேலே சொன்ன யூசர் அக்கவுண்ட்ஸ் பெட்டி அதைக் குறியாக்கம் செய்து தனியிடத்தில் வைக்கிறது. அதையும் அட்மின் அதிகாரம் உள்ளவர் எடுக்க முடியும். மெயிலுக்கும் வங்கிக்கும் பயன்படுத்தும் பாஸ்வேர்டை இதற்குக் கொடுக்காமல் இருக்க இதுவே போதிய காரணம்.

லேப்டாப்பில் ஆட்டோ லாகின் கூடவே கூடாது. டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க: டிஸ்க்கின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப் டிஸ்க்கைத் தானாகத் திறந்துவிடும், ஆட்டோ லாகின் டெஸ்க்டாப்பையும் திறந்துவிடும். பஸ்ஸில் தொலைந்த லேப்டாப்பை எடுத்தவர் பட்டனை அழுத்தினால் போதும். ஆப்பிள் மேக்கில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் ஃபைல்வால்ட் போட்டிருந்தால் ஆட்டோ லாகினை வைக்கவே விடாது. சரியான முடிவு அது.

ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் போட்டோக்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அட்மின் அதிகாரம் தேவையே இல்லை. உங்கள் கோப்புகளை நீங்கள் மாற்ற முடிகிறதல்லவா, அந்த உரிமையே அதற்குப் போதும். வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, கேபிளைக் கழற்றி வையுங்கள்.

இன்னொன்று. பிள்ளை தன் லோக்கல் அக்கவுண்ட் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அட்மினிலிருந்து ரீசெட் செய்ய முடியும். ஆனால் உடனே செய்துவிடாதீர்கள். அப்படி ரீசெட் செய்தால் அந்த அக்கவுண்டில் விண்டோஸ் குறியாக்கம் செய்து வைத்த கோப்புகளும், பிரவுசர் சேமித்த பாஸ்வேர்டுகளும் திறக்காமல் போகலாம். முதலில் லாகின் திரையில் வரும் மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கட்டும். நினைவு இருக்கும்போதே மாற்றுவதென்றால், அவரே உள்ளே போய் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி, பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துப் புதியதை வைத்துக்கொள்ளட்டும்.