மூன்றாம் காலமும் கணைக்கால் வலியும்: போட்டிக்கு முன் என்ன செய்தேன்

பரதநாட்டியப் போட்டிக்கு 5 வாரம் இருந்தது. மூன்றாம் காலத்தில் (மிக வேகமான நடையில்) தட்டடவு (பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அடவு) போடும்போதெல்லாம் வலது கணைக்காலின் உட்பக்கம் சுரீர் என்றது. தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டு 10 நாள் ஓட்டினேன். தப்பு. மாத்திரை வலியை மறைக்குமே தவிர, எலும்பு வாங்கும் அடியைக் குறைக்காது.

முதலில் விரல் சோதனை. நான் கோட்டை விட்டது இதில்தான். காலை நீட்டி உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள் விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அங்குலம் அங்குலமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். 5 செ.மீ.க்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், அதாவது ஓயாத தட்டலால் கணைக்கால் எலும்பின் ஓரம் நொந்துபோவது. நாணயம் அளவு இடத்தில் மட்டும் உயிர் போனாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அன்றே ஆடுவதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். எலும்பின் முன் விளிம்பில் என்றால் இன்னும் அவசரம். அந்த இடத்து விரிசல் லேசில் ஆறாது. நான் ஆடி முடித்த சூட்டோடு அழுத்திப் பார்த்து ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டேன். மறுநாள் காலை எழுந்ததும் பார்த்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது: நான்கு விரல் நீளத்துக்கு வலி.

சரி, ஷின் ஸ்பிளின்ட்தான் என்றால்? இரண்டு வாரம் தட்டும் குதிப்பும் கிடையாது. உட்கார்ந்தபடி சொற்கட்டு (வாயால் ஜதி சொல்வது), கை, அபிநயம். மூச்சு குறையாமலிருக்க சைக்கிள். ஆடியே தீருவேன் என்கிறவர்களுக்கு ஐஸ் ஒத்தடம் ஒரு சமாதானம், அவ்வளவுதான்.

அப்புறம் குதிகால் உயர்த்தும் பயிற்சி, ஒரு நாளைக்கு 15 தடவையாக மூன்று சுற்று. முழங்காலை மடக்கியும் செய்யுங்கள். அரைமண்டியில் (முழங்காலை மடக்கிய பாதி அமர்வில்) உழைப்பது கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள தசை. நேராக நின்று மட்டும் செய்தால் அதற்கு வேலை போதாது.

நடந்தால் வலி இல்லை என்றான பிறகு முதல் காலம் (மெதுவான நடை), ஒருநாள் விட்டு ஒருநாள், 10 நிமிடம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். மார்பிள், சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம். அழுத்தப் பட்டைக்குக் காசு செலவழிப்பதைவிட மரத்தளம் உள்ள கூடத்தை வாடகைக்குப் பிடிக்கலாம்.

போட்டியில் வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் இரண்டு தீர்மானங்களை (ஜதிக்கு ஆடும் அடவுக் கோர்வைகளை) சுருக்கித்தான் ஆடினேன். டீச்சருக்கு வருத்தம்தான்.

பின்சேர்க்கை: "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆடலாமா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். நுண்விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. புள்ளி வலி இருந்தால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். சாப்பாடு போதாமல் எலும்பு பலவீனமாகியிருக்கலாம்.