எல்லைக்கு அப்பால் மருந்தடிக்கக் காசு கேட்பது எப்படி

டர்பனில் நம் பிள்ளைகள் சிலர் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு மாகாண அலுவலகங்களில் சேர்கிறார்கள். மலேரியா பட்ஜெட் கோப்பில் 'பக்கத்து நாட்டோடு கூட்டுத் திட்டம்' என்று ஒரு வரி வந்தால் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் அவர்களுக்குச் சொல்வது இது.

முதலில் நோயாளிகளைப் பிரித்து எண்ணுங்கள். எந்த கிளினிக்குக்கு வந்தார் என்பதை விட, எங்கே கொசு கடித்தது என்பதுதான் முக்கியம். படிவத்தில் பயண விவரம் காலியாக இருந்தால் தாளைத் திருப்பி அனுப்புங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. 1996-இல் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வீட்டுச் சுவரில் அடிக்கும் டிடிடியை நிறுத்திப் பைரித்ராய்டு என்ற வேறு வகைப் பூச்சிமருந்துக்கு மாறினோம். அதற்கு மசியாத ஃபுனெஸ்டஸ் என்ற மலேரியா கொசு மொசாம்பிக் பக்கமிருந்து திரும்பி வந்தது. அப்போது கொடுத்த மலேரியா மாத்திரையும் வேலை செய்யவில்லை. 2000-இல் நம் மாகாணத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல் மலேரியா. எல்லைப் பக்கமுள்ள ஜோசினியில் சுவர் சுவராக அடித்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் அடிக்காவிட்டால் என்ன பயன்?

நோய் இப்படி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோதே, 1999-இல் தென்னாப்பிரிக்கா, ஸ்வாசிலாந்து, மொசாம்பிக் மூன்றும் மலேரியாவைச் சேர்ந்து அடக்க லுபொம்போ ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டே மாபுட்டோ மாகாணத்து வீடுகளில் மருந்தடிப்பு தொடங்கியது. சில ஆண்டுகளில் நம் பக்க நோயாளிகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஆனால் மனுவில் முழுப் பெருமையையும் லுபொம்போவுக்கே கொடுத்துவிடாதீர்கள். டிடிடி திரும்பி வந்ததும், 2001-இல் கோஆர்ட்டெம் என்ற புது மலேரியா மாத்திரை வந்ததும் கூடச் சேர்ந்துதான் அது நடந்தது. கருவூலத்துக்காரர் முதலில் கிளறுவது இதைத்தான்.

அப்புறம், தர்மக் காரியம் போல எழுதாதீர்கள். மிச்சமாகும் படுக்கை நாள், மாத்திரை, பரிசோதனை, நம் கடற்கரைச் செயின்ட் லூசியா பக்கம் பயமில்லாமல் வரும் சுற்றுலாக்காரர் என்று நம் பக்க லாபத்தை ராண்டில் போடுங்கள்.

பூச்சிமருந்து விலை ஒப்பிடும்போது டிரம் விலையில் ஏமாறாதீர்கள். ஒரு வீட்டை ஓராண்டு காக்க எவ்வளவு என்று பாருங்கள். மாபுட்டோவில் முதலில் அடித்த பெண்டியோகார்ப் என்ற மருந்து சீக்கிரம் வீரியம் இழக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை அடிக்க வேண்டும். டிடிடி ஒரு முறை போதும். இரண்டாம் சுற்று என்றால் டீசல், லாரி, ஆட்களின் படி எல்லாம் இன்னொரு முறை.

நாள்காட்டியையும் பாருங்கள். நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மொசாம்பிக்குக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. கோடை மழை பிடிப்பதற்குள் அடித்து முடிக்க வேண்டும், கொசு யாருடைய நிதியாண்டுக்கும் காத்திருக்காது. அதனால் இரு பக்கப் பணமும் செப்டம்பருக்குள் கையில் இருக்கும்படி தவணை கேளுங்கள்.

கடைசியாக, வெளிப்பணம் நின்றால் யார் கட்டுவது என்பது. லுபொம்போவைப் பெரும்பாலும் தாங்கியது குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதியத்தின் பணம். அது நின்றதும் 2011-இல் திட்டமும் முடிந்தது. மாபுட்டோ பக்கம் மலேரியா மறுபடி ஏறியது. மொசாஸ்வா என்ற பெயரில் மூன்று நாடுகளும் திரும்பச் சேர 2015 ஆனது. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் எந்த நாடு எத்தனை சதவீதம் ஏற்கும் என்ற அட்டவணையை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். சுகாதார அமைச்சர்கள் அதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். அது போதாது, நிதி அமைச்சகங்களின் கையெழுத்தையும் வாங்குங்கள்.