பார்பிட்டுரிசம்: சொல்லின் வேர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

பார்பிட்டூரிக் அமிலத்திலிருந்து வந்த, தூக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் பார்பிட்டுரேட் மருந்துகளால் உடம்பு நச்சுப்பட்டு, அவை இல்லாமல் முடியாது என்றாகிவிடும் நிலைக்குப் பழைய மருத்துவ நூல்கள் வைத்த பெயர் பார்பிட்டுரிசம். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாளையங்கோட்டைப் பக்கம் மருந்தியல் படிக்கிறவர்களிடம் கேட்டால் முதலில் வருவது பார்பரா கதைதான். 1864-இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் பார்பிட்டூரிக் அமிலத்தைக் கண்டார். அன்று புனித பார்பராள் திருநாள், டிசம்பர் 4 என்பார்கள். இல்லை, அது அவருக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயர் என்பார்கள் வேறு சிலர். எதற்கும் உறுதியான சான்று கிடையாது. தேர்வில் எழுதினாலும் ‘என்பர்’ என்று முடிப்பதே நேர்மை. பெயரின் பின்பாதியில் அவ்வளவு குழப்பமில்லை: ‘யூர்’ என்பது யூரிக் அமிலத்திலிருந்தோ யூரியாவிலிருந்தோ வந்தது என்பர்.

அந்த அமிலமே தூங்க வைக்கும் என்று எழுதுவது இன்னொரு தவறு. வைக்காது. அதில் இரண்டு எத்தில் தொகுதிகளைச் சேர்த்த பார்பிட்டால்தான் தூக்க மருந்தானது. அதை 1903-இல் வெளியிட்டவர்கள் எமில் ஃபிஷரும் ஃபான் மெரிங்கும். ‘இசம்’ என்பதைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டு ‘பார்பிட்டுரேட்டியம்’ என மொழிபெயர்ப்பதும் வேண்டாம். ஆல்கஹாலிசம், மார்ஃபினிசம் போல இங்கே அது நோயைக் குறிக்கும் விகுதி. அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளின் பழக்கத்துக்கும் இந்தப் பெயர் பொருந்தாது. அவை பென்சோடயசிபின் என்ற வேறு மருந்தினம்.

ஆபத்தான தவறு வீட்டில் நடக்கிறது. வலிப்புக்கு இரவில் 30 அல்லது 60 மில்லிகிராம் ஃபீனோபார்பிட்டோன் என்ற பார்பிட்டுரேட் மாத்திரை எடுப்பவரைப் பார்த்து, “இது தூக்க மாத்திரைலா, பழகிரும், நிப்பாட்டிருங்க” என்று சொந்தக்காரர் யாராவது சொல்லிவிடுவார். மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது போதைப் பழக்கம் ஆகாது. ஆனால் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம். இந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் நான்கு நாள் ஆகும். அதனால் முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது; “பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான இருக்கார்” என்ற பேச்சு கிளம்பும். பிறகு வரும் வலிப்பு தாமிரபரணியில் குளிக்கும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து.

நிறுத்தத்தான் வேண்டுமென்றால் மருத்துவர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்; காலி மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.