லில்லிக் கிழங்கு: வாங்கும்போதும் சமைக்கும்போதும் நேரும் தவறுகள்

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ செங் தெங் என்ற இனிப்பு சூப்பைக் குடித்தவர்கள் லில்லிக் கிழங்கைத் தெரியாமலே சாப்பிட்டிருப்பார்கள். லாங்கான் பழம், பார்லி, தாமரை விதையோடு கிண்ணத்தில் கிடக்கும் வெளிறிய செதில்கள்தான் அது. மாண்டரினில் பைஹே. கான்டனீஸ் பேசும் மருந்துக்கடைக்காரரிடம் பாக் ஹாப் என்று கேட்டால் எடுத்துத் தருவார். வறட்டு இருமலுக்கும் தூக்கம் வராமல் தவிப்பதற்கும் சீன வைத்தியம் இதைத் தருகிறது. வீட்டுச் சமையலில் செலரியோடு வதக்கிச் சாப்பிடும் காயும் இதுவே. சரியான கிழங்கு என்றால் இது சாதுவான உணவு. பெரிய வம்புகள் அடுப்பில் ஏற்றும் முன்பே தொடங்கிவிடுகின்றன.

"லில்லிதானே" என்று கையில் கிடைத்த கிழங்கை வேகவைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. உணவாகவும் மருந்தாகவும் பயன்படுபவை லிலியம் பேரினத்தின் சில இனங்கள் மட்டுமே. சீனாவின் கான்சு மாகாணத்தில் லாஞ்சோ பகுதியில் விளைவது இனிப்பானது. விதைத்ததிலிருந்து பெரிய கிழங்காக ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும், விலையும் அதற்கேற்ப. ஹூனானிலும் ஜியாங்சுவின் யீசிங்கிலும் விளைபவற்றில் லேசான கசப்பு இருக்கும். மருந்துக்கடை டப்பாக்களில் பெரும்பாலும் இந்த வகைகள்தான்.

பெயரில் லில்லி ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நம் செங்காந்தளை ஆங்கிலத்தில் குளோரி லில்லி என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர்; கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு என்றாலும் இதுதான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள், ஏனென்றால் அதிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் எடுக்கிறார்கள். அதே கோல்ச்சிசின் கிழங்கிலும் உண்டு, வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடிக்கும், பிறகு ஒவ்வோர் உறுப்பாகக் கெடும். சீன சமையல் குறிப்பைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் மண்வெட்டியைத் தூக்குகிறவர்கள் இந்த ஒன்றையாவது மறக்கக் கூடாது.

சீனப் புத்தாண்டுக்கு வீட்டில் வளர்க்கும் நார்சிசஸ் கிழங்கும் நஞ்சுதான். இதை அடையாளம் காண்பது சுலபம்: அதற்கு மேலே காகிதம் போன்ற பழுப்புத் தோல் உண்டு. பைஹேவுக்கு அந்தத் தோல் கிடையாது; தடித்த செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், விரலால் பிரித்தாலே கழன்று வரும். ஆனால் நர்சரியில் விற்கும் லில்லிக் கிழங்கும் இதே மாதிரிதான் இருக்கும். அழுகாமல் இருக்கப் பூஞ்சைக்கொல்லி போட்டிருப்பார்கள். நடுவதற்கு விற்றதை நடத்தான் வேண்டும்.

காய்ந்த செதில் வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருப்பதை நல்ல சரக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. தானாகக் காய்ந்தது மங்கிய தந்த நிறத்தில், ஓரம் சற்றுப் பழுத்து இருக்கும். பளிச்சென்ற வெண்மையும், பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் புளித்த நெடியும் கந்தகப் புகை போட்டதைக் காட்டும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த மிச்சமே இழுப்பைக் கிளப்பலாம். இருமலுக்கு மருந்து வாங்கப் போய் இருமலை வாங்கி வருவானேன்?

ஊறவைத்த தண்ணீரைச் "சத்து போய்விடும்" என்று அதே பானையில் ஊற்றுவது இன்னொரு வழக்கம். ஏறக்குறைய 1,800 ஆண்டுக்கு முன் வாழ்ந்த வைத்தியர் சாங் சோங்ஜிங் தம் பைஹே கஷாயத்துக்குச் சொன்ன முறையே வேறு: கழுவி, இரவு முழுக்க ஊறவைத்து, வெள்ளை நுரை வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஊற்று நீரில் காய்ச்சச் சொல்கிறார். அவர் காலத்தில் கந்தகப் புகை பிரச்சினை இருந்திருக்காது. இன்று நமக்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது. புதுக் கிழங்குக்கு இத்தனை பாடு வேண்டாம். பழுப்பேறிய ஓரங்களைக் கிள்ளிவிட்டு, கடைசியாக வாணலியில் போட்டு, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கினால் போதும். மேலும் விட்டால் மாவாகக் குழைந்துவிடும்.

இனி மருந்து விஷயம். எல்லா இருமலுக்கும் பைஹே என்பது சீன வைத்தியமே ஏற்காத கருத்து. அந்த மரபில் இது சற்றுக் குளிர்ச்சியான பொருள். தொண்டை காய்ந்து சளி இல்லாமல் வரும் இருமலுக்குத்தான் பொருந்தும். குளிர் நடுக்கம், மூக்கொழுகல், வெள்ளைச் சளியோடு வரும் இருமலுக்கும், வயிறு அடிக்கடி இளகுபவர்களுக்கும் தரமாட்டார்கள். காய்ந்த செதிலுக்குச் சீன அரசின் மருந்து நூல் தரும் அளவு நாளொன்றுக்கு 6 முதல் 12 கிராம். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டால் குணம் சீக்கிரம் வராது, வயிறுதான் உப்பும். சர்க்கரை நோயாளிகள் கிழங்கைவிடக் கூடவே போடும் கற்கண்டைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலை, அதிலும் சளியில் ரத்தமோ மாலைக் காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால், சூப்பு வைத்து ஆற்றிக்கொண்டிருக்கக் கூடாது. காசநோயா என்று பார்க்க வேண்டிய அறிகுறிகள் அவை. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பைஹே குடிக்கிறோம் என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

வீட்டில் பூனை இருந்தால் வேறு கணக்கு. நாம் சாப்பிடும் இதே செடி பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலை, பூ, மகரந்தம், கிழங்கு, பூச்சாடித் தண்ணீர் வரை எதுவும் விலக்கல்ல. நறுக்கிய கழிவை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள், சூப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். பூனை ஒரு துண்டை மென்றது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். முதல் நாள் கழிந்த பிறகு சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.