வீஸனுக்குப் போங்கள், ஆனால் திரும்பும்போது இ-ஸ்கூட்டரைத் தொடாதீர்கள்

மியூனிக்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் செப்டம்பரில் ஆபீஸ் டீமிடமிருந்து தவறாமல் ஒரு அழைப்பு வரும். நகரின் பெரிய பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட், உள்ளூர்க்காரர்கள் வாயில் வீஸன். போகலாம், போகவேண்டியதுதான். குடிக்காதவர்களுக்கும் அங்கே ராட்டினம் முதல் வறுத்த பாதாம் வரை எல்லாம் உண்டு. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வீடு திரும்பும் வழியில், இ-ஸ்கூட்டரில்தான் (நின்றபடி ஓட்டும் சின்ன மின்சார ஸ்கூட்டர்). அதற்கு முன் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

விழா தொடங்குவது செப்டம்பர் 15-க்கு அடுத்து வரும் சனிக்கிழமை. அன்று பகல் 12 மணிக்கு ஷாட்டன்ஹாமல் கூடாரத்தில் நகர மேயர் முதல் பீப்பாயில் குழாயை அடித்து இறக்குவார். அதுவரை எந்தக் கூடாரத்திலும் ஒரு சொட்டு பீர் கிடைக்காது. முக்கிய மைதானத்துக்கோ அங்குள்ள கூடாரத்துக்கோ நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆகவே இணையத்தில் யாராவது 'என்ட்ரி டிக்கெட்' விற்றால் அது ஏமாற்று வேலை. முன்பதிவு என்பது பத்துப் பேர் உட்காரும் மேசைக்கு. அதைக் கூடாரம் நடத்துபவரிடமே நேரடியாகச் செய்யவேண்டும். மேசைக்கு வாடகை இல்லை. ஆளுக்கு இரண்டு மாஸ் (லிட்டர் குவளை) பீர், அரைக் கோழி என்று கூப்பனாக முன்பே காசு கட்டச் சொல்வது வழக்கம். முன்பதிவு இல்லையென்றால் வார நாளில் மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். கூடாரத்துக்குள் உட்கார இடம் பிடிக்காதவருக்குப் பீர் வராது.

லேப்டாப் பையோடு போகாதீர்கள். 20×15×10 செ.மீ.க்கு மேற்பட்ட பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். பணிப்பெண் கண்ணாடிக் குவளையை மேசையில் வைத்ததுமே காசைக் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகப் பில் என்பதெல்லாம் இல்லை. 2025-ல் ஒரு மாஸ் 14.50 முதல் 15.80 யூரோ வரை விற்றது. மேலே ஒன்றிரண்டு யூரோ சேர்த்துக் கொடுத்தால் அடுத்த குவளை சீக்கிரம் வரும். இதை நாகரிகம் என்பதைவிட நடைமுறை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சியர்ஸ் சொல்லி மோதும்போது குவளையின் அடிப்பாகத்தை மோதுங்கள், அங்கேதான் கண்ணாடி தடிப்பாக இருக்கும். விளிம்பில் மோதினால் உடையும். மோதும் ஒவ்வொருவரின் கண்ணையும் பார்க்கவேண்டும், இல்லையென்றால் உரிமையோடு கேலி செய்வார்கள். பெஞ்சின் மேல் ஏறி நின்று ஆடலாம். மேசை மேல் ஏறினால் காவலர்கள் வெளியே அனுப்புவார்கள். குவளையை ஞாபகார்த்தமாகப் பையில் போடுவது திருட்டு, காசு கொடுத்து வாங்கும் கடை மைதானத்திலேயே இருக்கிறது. சைவர்களுக்குக் கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸும் முட்டையும் சேர்ந்த மாவுப் பண்டம்), ஒபாட்ஸ்டா (சீஸ் மசியல்), ப்ரெட்ஸல் உண்டு. க்நோடல் உருண்டையில் பன்றி இறைச்சித் துணுக்கு கலந்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி ஸ்கூட்டர். ஒரு மாஸ் என்பது முழு ஒரு லிட்டர். ஊரில் பெரிய பாட்டில் என்று வாங்குவது 650 மில்லி, அதாவது ஒன்றரைப் பாட்டில் ஒரே குவளையில். வீஸனுக்கென்று காய்ச்சும் பீரில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். ஒரு மாஸில் கிட்டத்தட்ட 48 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது தோராயமாக 0.8, 0.9 ப்ரோமில் (ரத்தத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு ஆல்கஹால் என்ற அளவு) வரை ஏற்றும். பெண்களுக்கு இன்னும் கூடும். உடல் மணிக்கு 0.1 முதல் 0.15 வரைதான் கரைக்கும். மாலையில் நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு மாஸ் குடித்தவர் 1.1-ஐத் தாண்டியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அந்த 1.1 தான் கோடு. ஜெர்மன் சட்டப்படி இ-ஸ்கூட்டர் மோட்டார் வாகனம், சைக்கிள் அல்ல. காருக்குள்ள வரம்புகள் அப்படியே இதற்கும் பொருந்தும் என்று 2020-ல் பவேரியாவின் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 0.5-க்கு மேல் பிடிபட்டால் முதல் தடவையே 500 யூரோ அபராதம், ஒரு மாதம் வாகனம் ஓட்டத் தடை, ஃப்ளென்ஸ்பர்க் பதிவேட்டில் (போக்குவரத்துக் குற்றங்களுக்கான தேசியப் பதிவேடு) இரண்டு புள்ளிகள். 1.1-ஐத் தாண்டினால் கிரிமினல் வழக்கு, பெரும்பாலும் லைசென்ஸும் போகும். தள்ளாடிக்கொண்டு ஓட்டினால் 0.3-லேயே வழக்குப் பதியலாம். 21 வயதுக்குக் கீழே இருந்தாலோ, ஜெர்மன் லைசென்ஸ் சோதனைக் காலத்தில் இருந்தாலோ வரம்பு பூஜ்யம்.

'என்னிடம் ஜெர்மன் லைசென்ஸே இல்லையே, எதைப் பிடுங்குவார்கள்?' என்று கேட்கும் புத்திசாலிகள் நம்மில் நிறைய. ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை, ஆனால் தண்டனைக்கு அது தடையே இல்லை. புதிய லைசென்ஸ் தரக்கூடாது என்று நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் தடை போடலாம். இந்திய லைசென்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த உரிமையும் போகும். 1.6-ஐத் தொட்டால் எம்.பி.யூ. என்ற மருத்துவ, உளவியல் பரிசோதனையில் தேறிய பிறகுதான் எதுவும். அந்த 1.6 சைக்கிளுக்கும் உண்டு. ஊரில் போல அங்கேயே பேசி முடிப்பதெல்லாம் இங்கே நடக்காது, முயன்றால் இன்னொரு வழக்கு சேரும்.

ஆகவே கூட்டத்தோடு நடந்துவிடுங்கள். மைதானத்தை ஒட்டிய தெரேசியன்வீஸ மெட்ரோ நிலையம் நெரிசலில் அடிக்கடி மூடப்படும். கோதேபிளாட்ஸில் யூ3, யூ6 மெட்ரோ பிடிக்கலாம், எஸ்-பான் (புறநகர் ரயில்) வேண்டுமென்றால் ஹாக்கர்ப்ரூக்க நிலையம். பெரிய கூடாரங்களில் பீர் இரவு 10.30-க்கு நிற்கும், பத்து மணிக்கே கிளம்பினால் ரயிலில் மூச்சுவிட இடமிருக்கும். மறுநாள் காலை கார் எடுப்பவர்கள் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்: மூன்று மாஸ் குடித்து நள்ளிரவில் படுத்தவர் ரத்தத்தில் காலை ஏழு மணிக்கும் 0.5-க்கு மேல் இருக்கலாம். குளித்தாலும் காபி குடித்தாலும் அது இறங்காது.