முதலில் ஈ, அப்புறம்தான் நச்சுத் தவளை

நச்சு அம்புத் தவளை வளர்க்க ஆசை, என்னென்ன வாங்கணும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஈ வாங்குங்கள். தவளையை அப்புறம் பார்க்கலாம். கட்டை விரல் அளவுகூட வராத இந்தத் தவளைகள் கண்ணெதிரே ஊர்ந்து போகும் பொடிப் பூச்சியை மட்டுமே தின்னும். செத்தது, காய்ந்தது, டப்பாவில் வரும் உருண்டைத் தீனி எதையும் ஏறெடுத்தும் பார்க்காது. அதனால் வீட்டில் எந்நேரமும் ஈ இருக்க வேண்டும். இரண்டு மாதம் விடாமல் ஈ வளர்க்க முடிந்தவருக்குத் தவளை வளர்ப்பது பெரிய காரியமில்லை.

விஷம்? அது காட்டில் தின்னும் எறும்பிலிருந்தும் மண்ணில் வாழும் பொடி உண்ணிகளிலிருந்தும் வருவது. கண்ணாடித் தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்த தவளையின் தோலில் அந்த நஞ்சு இல்லை. கொலம்பியாவின் எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவியதும் எல்லாத் தவளையின் நஞ்சையும் அல்ல. பில்லோபேட்டிஸ் பேரினத்தில் மூன்றே மூன்று வகைகளைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் கையில் எடுக்காதீர்கள். ஆபத்து நமக்கில்லை, அதற்குத்தான். நம் கை உப்பும் சோப்பும் கிரீமும் அந்த மெல்லிய தோல் வழியாக நேராக உள்ளே போய்விடும்.

சரி, ஈக்கு வருவோம். இறக்கை இல்லாத அல்லது பறக்க முடியாத பழ ஈ என்று கேட்டால் கொடுப்பார்கள். சின்னது மெலனோகாஸ்டர், கொஞ்சம் பெரியது ஹைடை. சின்னதில் இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஹைடைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். கலவை நம் சமையலறையிலேயே கிடைக்கும். அரை கப் உருளைக்கிழங்கு மசியல் பொடி (இங்கே ஜெர்மனியில் எந்தப் பலசரக்குக் கடையிலும் பாக்கெட்டாகக் கிடைக்கிறது), ஒரு ஸ்பூன் சர்க்கரை, பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை பட்டைத்தூள். இதைக் கொஞ்சம் வினிகர் விட்ட தண்ணீரில் கெட்டியாகப் பிசைந்து, உயரமான பிளாஸ்டிக் கப்பில் இரண்டு விரற்கடைக்கு அழுத்துங்கள். மேலே நாலைந்து ஈஸ்ட் மணிகளைத் தூவி, ஏறி உட்கார ஒரு பிடி மரச்சுருளைத் திணித்து, ஐம்பது அறுபது ஈக்களைத் தட்டிவிட்டு, காற்றுப் புகும் துணி மூடி போட்டு, தேதியை எழுதி வையுங்கள்.

வாராவாரம் ஒரு புதுக் கப் போடுங்கள், பழையது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும். ஒரு மாதம் கடந்த கப்பைத் தயங்காமல் மூடியோடு குப்பையில் போடுங்கள். அதற்குள் வெளிர்நிறப் பொடி உண்ணிகள் குடியேறி, பக்கத்துக் கப்புக்கும் பரவியிருக்கும். வீட்டில் வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் பழ ஈ ஒன்று உள்ளே புகுந்தாலும் கதை முடிந்தது. அடுத்த தலைமுறை பறக்கும், உங்கள் வீட்டில் இருப்பவர்கள் உங்களோடு பேச மாட்டார்கள்.

தீனி போடும்போது ஈக்களை ஒரு காலிக் கப்பில் தட்டி, தவளைக்கென்று விற்கும் கால்சியம், வைட்டமின் டி3 பொடியைத் தூவிக் குலுக்குங்கள். திருநீறு பூசியது போல வெளுத்துத் திரிந்தால் அளவு சரி. ஒவ்வொரு வேளையும் இதைச் செய்ய வேண்டும். வெறும் ஈயில் கால்சியம் போதாது, எலும்பு வளைந்துவிடும். வைட்டமின் ஏ கலந்த பொடியும் இடையிடையே தேவை. அது குறைந்தால் நாக்கின் ஒட்டும் தன்மை போய், ஈயைக் குறிபார்த்து அடித்து அடித்துத் தவறவிடும்.

அடுத்து தொட்டி. ஒரு ஜோடிக்கு 45 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட கண்ணாடிப் பெட்டி போதும். அடியில் சுட்ட களிமண் உருண்டைகள், மேலே வலை, அதற்கு மேல் மரப்பட்டையும் கரியும் தேங்காய் நாரும் கலந்த மண். மண்ணுக்கு மேல் காய்ந்த இலைகளைத் தாராளமாகப் பரப்புங்கள். ஓக் இலை, நாட்டு வாதுமை இலை இரண்டும் நல்லது. மணி பிளான்ட் ஒரு கொடி, புரோமீலியாட் என்னும் அன்னாசி இனச் செடி ஒன்றிரண்டு. மண்ணில் ஸ்பிரிங்டெயில் என்னும் பொடிப் பூச்சிகளை விட்டுவிட்டால் கழிவையும் பூஞ்சையையும் அவை தின்றுகொள்ளும். செடி வேரூன்றி, பூச்சி பெருகும் வரை தொட்டியைச் சும்மா விடுங்கள். அவசரம் உள்ளவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிக்கும் நீரில் குளோரின் இருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் கண்ணாடி வெளுத்து, தெளிப்பான் முனை அடைத்துவிடும். வடிகட்டிய நீரே நிம்மதி. வெப்பம் பகலில் 22 முதல் 26 டிகிரி, இரவில் கொஞ்சம் குறைந்தால் நல்லது. குளிரை விட வெயில்தான் எமன். 30 டிகிரியைத் தாண்டினால் தவளை சாகலாம். எங்கள் மாடிவீட்டில் ஏசி கிடையாது; ஜூலையில் வெயில் ஏறும் நாளில் விளக்கை அணைத்து, வலைமூடி மேல் மின்விசிறியைத் திருப்பி, நீரை இரட்டிப்பாகத் தெளிக்கிறேன். அதுவும் போதாவிட்டால் ஈர இலை போட்ட டப்பாவில் ஏற்றி நிலவறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். சென்னையிலோ மதுரையிலோ வளர்க்க நினைப்பவர்கள் நாள் முழுக்க ஏசி ஓட்டும் செலவைக் கணக்குப் போட்ட பிறகு யோசியுங்கள். இந்தத் தவளைகள், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ளவை. 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி இந்தியாவில் இவற்றைப் பதிவு செய்தாக வேண்டும்.

எதை வாங்குவது? முதல்முறை என்றால் வெனிசுவேலாவின் மஞ்சள் கறுப்புப் பட்டைக்காரர் லியூகோமெலஸ். தைரியமானது, கூட்டமாக இருக்கும், ஆண் குருவி போலக் கூவும். சுரினாம், பிரெஞ்சு கயானா பக்கத்து டிங்க்டோரியஸ் பெரியது, அழகானது. ஆனால் பெண்ணும் பெண்ணும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகாது, ஜோடியாகவே வையுங்கள். முன்கால் விரல்நுனி அகன்றிருப்பது ஆண். தாயே முட்டையிட்டுக் குஞ்சுக்கு ஊட்டும் பூமிலியோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இங்கே ஹாம் நகரில் நடக்கும் டெராரிஸ்டிகா என்னும் ஊர்வன, தவளைச் சந்தையில் வளர்ப்பவரிடமே நேரடியாகப் பேசி வாங்கலாம். எப்போது பிறந்தது, எந்த ஈ தின்கிறது என்று கேளுங்கள். பிறந்த இடத்துக்கான சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

புதிதாக வந்ததை ஈரக் காகிதம் விரித்த டப்பாவில் ஒரு மாதமாவது தனியே வைத்து, கைட்ரிட் பூஞ்சைச் சோதனை செய்துவிடுங்கள். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் அந்தப் பூஞ்சைக்கு 1999இல் பெயர் வைத்ததே, வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் செத்த நீல அம்புத் தவளையிலிருந்து எடுத்துத்தான்.

தவளை நலமா என்று அதன் பின்காலின் நடுவிரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஈயைக் கண்டதும் அந்த விரல் டக்டக்கென்று தரையில் தட்டும். ஈ பக்கத்தில் ஊர்ந்தும் விரல் அசையவில்லை, முதுகெலும்பு தெரிகிறது என்றால் உடனே எச்சத்தை எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

ஊருக்குப் போகும்போது? கொழுத்த பெரிய தவளை நாலைந்து நாள் தீனியில்லாமல் தாங்கும், தெளிப்பான் தானாக ஓடினால் போதும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டாரிடம் தயார் கப்புகளைக் கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு தவளைக்கு இருபது ஈ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தால் குறைத்தே போடச் சொல்லுங்கள். மிஞ்சிய ஈ தவளையின் கண்மேல் ஏறித் திரிந்தால் அது சாப்பிடுவதையே விட்டு இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும்.